இ-ஸ்போர்ட்ஸ் அணி நடத்துவோர் செய்யும் தவறுகள்

2022 நவம்பர் 5, சான் பிரான்சிஸ்கோ. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற வீடியோ கேமின் உலகப் போட்டியில் இறுதிச் சுற்று ஐந்தாவது ஆட்டம் வரை போனது. தென்கொரியாவின் டி1 தோற்றது. டி1 அணியின் சப்போர்ட் வீரர் கேரியா மேடையிலேயே உடைந்து அழுதார். அந்தக் காட்சியைப் பார்த்த யாருக்கும் அது மறக்காது.

அந்த ஆண்டில் டி1 தோற்ற மூன்றாவது இறுதிப் போட்டி அது. மே மாதம் பூசானில் எம்எஸ்ஐ (ஆண்டின் நடுவில் நடக்கும் சர்வதேசப் போட்டி) இறுதியில் சீனாவின் ஆர்என்ஜியிடமும், கோடைக்கால எல்சிகே (தென்கொரிய லீக்) இறுதியில் ஜென்.ஜியிடமும் ஏற்கெனவே தோற்றிருந்தார்கள். 2023-இல் எல்சிகே-யின் இரண்டு பருவ இறுதிகளிலும் மறுபடி ஜென்.ஜி வென்றது. ஆக, ஏறிய ஐந்து இறுதிப் போட்டிகளிலும் வரிசையாகத் தோல்வி. இடையில் தலைமைப் பயிற்சியாளர் விலகினார். ஆனால் ஸியூஸ், ஓனர், ஃபேக்கர், குமாயுசி, கேரியா என்ற ஐவரை டி1 நிர்வாகம் கலைக்கவில்லை. 2023 நவம்பர் 19 அன்று சியோலில் நடந்த உலகப் போட்டி இறுதியில் அதே ஐவர் வெய்போ கேமிங்கை 3-0 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கினார்கள். அடுத்த ஆண்டு லண்டனில் மறுபடியும் தூக்கினார்கள்.

நம் பக்கத்து அணிகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதற்கு நேர் எதிரானது. ஒரு டோர்னமென்ட் போனால் ஒருவரை மாற்றுகிறார்கள், இரண்டு போனால் ஆட்டத்தின் நடுவே கட்டளை கொடுக்கும் ஐஜிஎல்-லையே மாற்றுகிறார்கள். ஆறு மாதத்தில் அணியின் பெயர் மட்டும்தான் பழையது. இதனால் என்ன போகிறது என்பதை ஸ்க்ரிம் (இரண்டு அணிகள் மோதும் பயிற்சி ஆட்டம்) ஒன்றைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் புரியும். ஒரு சண்டை மூன்று, நான்கு விநாடியில் முடிந்துவிடும். “நான் உள்ளே போகிறேன், நீ பின்னால் வா” என்று சொல்லி முடிப்பதற்குள் ஆட்டம் போயிருக்கும். முன்னே போகிறவர் திரும்பிப் பார்க்காமலே, பின்னால் ஆள் வருகிறான் என்று தெரிந்து போக வேண்டும். அந்தத் தெரிதல் மாதக்கணக்கில் சேர்ந்து தோற்றுச் சேர்ந்து வென்று வருவது. புதிய ஆள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அதைக் கையோடு கொண்டுவர முடியாது.

அதற்காக யாரையும் எப்போதும் மாற்றவே கூடாது என்றும் சொல்ல மாட்டேன். 2018-இல் இதே நிறுவனம், அப்போது எஸ்கே டெலிகாம் டி1, உலகப் போட்டிக்குத் தகுதியே பெறவில்லை. அடுத்த ஆண்டுக்கு ஏறக்குறைய புது அணியையே கட்டினார்கள். இறுதி வரை வந்து தோற்பதும் வாசலிலேயே தோற்பதும் வேறு வேறு நோய்கள். இரண்டுக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கக் கூடாது.

அடுத்த தவறு, பரிசுத் தொகையை நம்பி நிறுவனம் தொடங்குவது. 2024 உலகப் போட்டியின் மொத்தப் பரிசு 22.25 லட்சம் டாலர். அதில் சாம்பியனுக்கு 20 சதவீதம், அதாவது 4.45 லட்சம் டாலர். உலகத்திலேயே முதலிடம் வந்த அணியின் பங்கு இவ்வளவுதான். வீரர்கள், பயிற்சியாளர்கள், அனலிஸ்ட், தங்குமிடம், பயணம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சம்பளம் ஓடுவது ஸ்பான்சர் பணத்தில்தான். அந்தப் பணமும் நிலையானதல்ல. 2021-இல் அமெரிக்காவின் டிஎஸ்எம் என்ற இ-ஸ்போர்ட்ஸ் நிறுவனம் தன் பெயரோடு கிரிப்டோ நிறுவனமான எஃப்டிஎக்ஸின் பெயரைச் சேர்த்துக்கொள்ள 10 ஆண்டுக்கு 21 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் திவாலானது, ஒப்பந்தமும் நின்றது. ஃபேஸ் கிளான் என்ற இன்னோர் இ-ஸ்போர்ட்ஸ் நிறுவனம் 2022 ஜூலையில் நாஸ்டாக் பங்குச்சந்தைக்கு வந்தபோது மதிப்பு 72.5 கோடி டாலர் என்றார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் அதை வாங்குவதாகக் கேம்ஸ்கொயர் அறிவித்த விலை சுமார் 1.7 கோடி டாலர். ஒரே ஸ்பான்சரை நம்பி மூன்று ஆண்டுச் சம்பளத்துக்கு வாக்குக் கொடுப்பவர்கள் இந்த இரண்டையும் நினைவில் வைக்க வேண்டும். இந்தியாவில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் இ-ஸ்போர்ட்ஸை அங்கீகரித்தது, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரத்தையும் தடை செய்தது. ஜெர்ஸியில் யார் பெயர் போடுகிறோம் என்பது இனி சட்டப் பிரச்சினையும்கூட.

ஒரே கேமை நம்புவது இதைவிட ஆபத்து. கிரிக்கெட் என்ற விளையாட்டு யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் ஒவ்வொரு வீடியோ கேமுக்கும் ஒரு முதலாளி உண்டு. சர்வரை மூடினால் மைதானமே இல்லை. 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. 2021 ஜூலையில் அதன் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ வந்தது. 2022 ஜூலை 28 அன்று அதுவும் பிளே ஸ்டோரிலிருந்தும் ஆப் ஸ்டோரிலிருந்தும் எடுக்கப்பட்டது. 2023 மே மாதக் கடைசியில்தான் திரும்பியது. அந்தப் பத்து மாதமும் ஒரே ஒரு பிஜிஎம்ஐ அணியை வைத்திருந்தவர்களுக்கு ஆடப் போட்டியும் இல்லை, ஸ்பான்சரிடம் காட்டக் கணக்கும் இல்லை. இரண்டாவது கேமில் சின்ன அணியாவது வைத்திருந்தவர்களுக்குக் காலூன்ற ஓர் இடம் இருந்தது.

ஆளைச் சேர்க்கும்போது விசாரிக்காமல் விடுவதும் உண்டு. 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த கவுண்டர்-ஸ்ட்ரைக் (துப்பாக்கிச் சண்டை கேம்) போட்டியில் ஆப்டிக் இந்தியா அணியின் ஒரு வீரர், கணினியில் ஏமாற்று மென்பொருளோடு மேடையிலேயே பிடிபட்டார். அந்தக் கோப்பின் பெயர் ‘வேர்டு.எக்ஸி’. அவர் அதற்கு முன்பே ஒருமுறை தடைக்கு ஆளானவர். தாய் நிறுவனம் இந்திய அணி முழுவதையும் கலைத்தது. தப்பே செய்யாத மற்ற நால்வருக்கும் வேலை போனது. அந்த நால்வரை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

பயிற்சி நேரத்தைக் கூட்டினால் வெற்றி கூடும் என்பது பிடிவாதமான நம்பிக்கை. 2023 கோடையில் ஃபேக்கர் மணிக்கட்டுப் பிரச்சினையால் ஒரு மாதம் போல ஆடவில்லை. அவர் இல்லாத எட்டு மேட்சுகளில் டி1 வென்றது ஒன்றுதான். 2020 மே மாதம் டென்மார்க்கின் கவுண்டர்-ஸ்ட்ரைக் அணியான அஸ்ட்ராலிஸில் கிளேவும் ஸிப்நைன்எக்ஸும் மன அழுத்தத்தால் மருத்துவ விடுப்பில் போனார்கள். இருவரும் அந்தக் கேமின் மிகப் பெரிய போட்டிகளான மேஜர்களில் நான்கு கோப்பைகளை வென்ற அணியின் தூண்கள். நிறுவனம் விடுப்பு கொடுத்ததால்தான் இருவரும் அதே அணிக்குத் திரும்பி வந்து ஆட முடிந்தது. கை வலிக்கிறது என்று பையன் சொன்னால் அன்றே ஸ்க்ரிம்மை நிறுத்துங்கள்.

கடைசியாக ஒப்பந்தம். இது வீரர்களுக்கும் அவர்களுடைய வீட்டாருக்கும் சொல்வது. மதுரைப் பக்கத்துத் தம்பி ஒருவர், வயது பத்தொன்பது, கையெழுத்துப் போட்டு இரண்டு மாதம் கழித்து ஒப்பந்தத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். ஏழு பக்கம். சம்பளம் பற்றி ஒரே வரி, எந்தத் தேதிக்குள் வரும் என்று இல்லை. அவருடைய சொந்த யூடியூப் வருமானத்தில் நிறுவனத்துக்குப் பாதி. பைஅவுட் தொகை (ஒப்பந்தம் முடியும் முன் வேறு அணிக்குப் போகக் கட்ட வேண்டிய பணம்), அவருடைய மூன்று ஆண்டுச் சம்பளத்தைவிட அதிகம். பெஞ்சில் உட்கார வைத்தால் சம்பளம் பாதியாகும், ஆனால் வேறு அணிக்கு ஆடக் கூடாது. கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலிடம் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் இந்த நான்கையும் அவர் பேனாவால் சுழித்துக் காட்டியிருப்பார். சம்பளத் தேதி, வருமானப் பங்கு, பைஅவுட், பெஞ்ச் விதி: இந்த நான்கையும் எழுத்தில் பார்க்காமல் ஜெர்ஸியை வாங்காதீர்கள்.

அந்தத் தம்பி பதினோரு மாதம் பெஞ்சில் இருந்தார். விடுவித்த பிறகு இன்னொரு அணியின் ட்ரையல்ஸுக்குப் போனார். அதற்குள் கேமையே மாற்றும் மூன்று பெரிய பேட்ச் வந்து போயிருந்தது. அவர் பழகி வைத்திருந்த துப்பாக்கியை அப்போது யாருமே எடுப்பதில்லை.