வாடகைக்கு அறை விடும் வீட்டில் கணினிக்குப் பூட்டு

வேலூர் தோட்டப்பாளையம் பக்கம் சிஎம்சி மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளுக்கும், காட்பாடியில் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் மாடி அறையை விடுகிற வீடுகள் நிறைய. அறைச் சாவியோடு வைஃபை பாஸ்வேர்டும் கைமாறும். வந்தவர் தங்கமானவராகவே இருக்கட்டும், அவர் போனில் என்னென்ன ஆப் ஓடுகிறது என்று அவருக்கே தெரியாது. உங்கள் கணினியும் அதே வைஃபையில்தான் இருக்கிறது. ஆகவே முதல் வேலை ரவுட்டரில்.

ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். பிரவுசரில் அதைத் தட்டி உள்ளே போய், முதலில் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. வைஃபை பாஸ்வேர்டு தட்டாமலே இணைய விடும் டபிள்யூபிஎஸ் வசதியை ஆஃப் செய்துவிட்டு, பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 வையுங்கள். அடுத்து விருந்தினருக்கான தனி வைஃபையான 'கெஸ்ட் நெட்வொர்க்'கை ஆன் செய்து, குடியிருப்பவர்களுக்கு அந்தப் பெயரை மட்டும் கொடுங்கள். விருந்தினர் வீட்டு நெட்வொர்க்கை அணுகலாம் என்கிற டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை கெஸ்ட் என்பது பெயரளவுக்குத்தான். அறை காலியானதும் கெஸ்ட் பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் போதும், உங்கள் டிவியையும் போனையும் திரும்ப இணைக்க வேண்டியதில்லை.

சில ரவுட்டர்களில் கெஸ்ட் வசதியே இருக்காது. அப்போது இரண்டாவது ரவுட்டர் ஒன்று வாங்கி மாட்டுவார்கள், ஆனால் தலைகீழாக. வாடகைக்காரர்களை இரண்டாவதில் விட்டால், அங்கிருந்து முதல் ரவுட்டரில் உள்ள கணினியை எட்டிவிட முடியும். முதல் ரவுட்டரை அவர்களுக்கு விட்டுவிட்டு, அதிலிருந்து ஒரு லேன் கேபிளை இரண்டாவதின் 'வேன்' (WAN, இணையம் உள்ளே வரும்) துளையில் செருகி, உங்கள் கணினியை அதன் பின்னால் வையுங்கள்.

அடுத்த வாசல் பென் டிரைவ். ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்துத் திரும்பினால் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். அதை டபுள் கிளிக் செய்வதுதான் தவறு, வைரஸ் அப்போதுதான் உள்ளே நுழைகிறது. டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபென்டரில் ஸ்கேன் கொடுங்கள். உண்மையான கோப்புகள் பெரும்பாலும் அழிந்திருக்காது, மறைந்துதான் இருக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ'வில் மறைந்த கோப்புகளையும், கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகளையும் காட்டச் சொல்லுங்கள். 'பில்.பிடிஎஃப்.எக்ஸி' என்று வந்தால் அது பில் அல்ல, புரோகிராம்.

தினசரி வேலைக்கு அட்மின் கணக்கு வேண்டாம். செட்டிங்ஸில் கணக்குகள் பகுதிக்குப் போய் 'ஸ்டாண்டர்டு' கணக்கு ஒன்று தொடங்குங்கள். பிள்ளைகள் கேம் என்று நினைத்து எதையாவது நிறுவினாலும் கணினி பெரும்பாலும் முதலில் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். காசில்லாமல் விண்டோஸை 'ஆக்டிவேட்' செய்து தருகிற புரோகிராம்கள் டிஃபென்டரை அணைக்கச் சொன்னால், அங்கேயே நிறுத்துங்கள்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு சிப் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையாவது வேண்டும். மாற முடியாத கணினியில் வங்கி வேலை பார்க்காமல் இருப்பது நல்லது.

நகல் எடுக்க வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்குங்கள். வாரம் ஒருமுறை போட்டோ, பத்திர ஸ்கேன், கணக்கு வழக்கை அதில் ஏற்றியதும் கழற்றிப் பீரோவில் வையுங்கள். கழற்றாவிட்டால், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வரும் நாளில் நகலையும் சேர்த்துப் பூட்டிவிடும். நகலிலிருந்து ஒரு கோப்பை எப்போதாவது திறந்தும் பாருங்கள்.

விண்டோஸ் 11 பல கணினிகளில் டிஸ்க்கைத் தானாகவே குறியாக்கம் செய்துவிடுகிறது. மதர்போர்டு மாற்றினாலோ பயாஸில் கை வைத்தாலோ 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்து, காகிதத்தில் எழுதிக்கொண்ட பிறகுதான் ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டும். எண் இல்லையென்றால் கடைக்காரராலும் கோப்புகளை மீட்க முடியாது.

'உங்கள் கணினியில் வைரஸ்' என்று யாரோ போனில் அழைத்து தூரத்திலிருந்தே உங்கள் கணினியை இயக்க விடும் எனிடெஸ்க் நிறுவச் சொன்னால் அழைப்பைத் துண்டியுங்கள். ஏற்கெனவே உள்ளே விட்டிருந்தால் லேன் கேபிளையும் வைஃபையையும் எடுத்துவிட்டு, வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லி, பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். நேரம் தாழ்ந்தால் பணத்தை நிறுத்திவைப்பது கடினம்.

கத்திரி வெயிலில் ஒரு வேலை பாக்கி: கணினியை அணைத்து பிளக்கைக் கழற்றிவிட்டு, கேபினெட்டைத் திறந்து தூசியை ஊதுங்கள். ஊதும்போது மின்விசிறி சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கோடை மழை வரும்போலிருந்தால், இடி தொடங்கும் முன்பே பிளக்கோடு ரவுட்டருக்கு வரும் செம்புக் கேபிளையும் கழற்றிவிடுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.