டிஎன்ஏ மாடல் செய்ய சைக்கிள் கடைக்குப் போங்கள்

அறிவியல் கண்காட்சிகளில் தெர்மாகோல் உருண்டையும் பல்குச்சியும் வைத்துச் செய்த டிஎன்ஏ மாடல்களைப் பார்த்திருப்பீர்கள். பெயின்ட் எல்லாம் பளபளவென்று இருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் பலதும் இடப்பக்கம் முறுக்கியிருக்கும், இரண்டு இழையும் ஒரே திசையில் ஓடும். இரண்டும் தவறு. நான் மதுரை செல்லூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். பெயின்ட் அடிக்கிற நேரத்தை ஸ்கேலுக்குக் கொடுங்கள் என்பதுதான் நான் அவர்களிடம் சொல்வது.

1 நானோமீட்டருக்கு 5 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஎன்ஏவின் விட்டம் 2 நானோமீட்டர், மாடலில் 10 செ.மீ. ஒரு கார இணைக்கும் (இரண்டு இழையிலிருந்தும் எதிரெதிரே வந்து ஜோடி சேரும் டிஎன்ஏ 'எழுத்துகள்' இரண்டு) அடுத்ததற்கும் 0.34 நானோமீட்டர், அதாவது 1.7 செ.மீ. பத்து இணைக்கு ஒரு முழுச் சுற்று, 17 செ.மீ. (தண்ணீரில் இருக்கும்போது சுற்றுக்குப் பத்தரை வரும். நமக்கு பாடப்புத்தகக் கணக்கே போதும்.)

சைக்கிள் கடையில் ஒரு ஸ்போக்ஸ் கம்பியும் ஒரு முழம் வால்வ் டியூப்பும் வாங்குங்கள். டியூப் கம்பியைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், அட்டை நழுவாது. பைண்டிங் கடையில் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள அட்டை கேளுங்கள், வெட்டி மிஞ்சிய துண்டே போதும். விளக்குத்தூண் பக்கம் போனால் பாசிமணி எடுத்துக்கொள்ளுங்கள். கலர் பேப்பரும் பழைய எலெக்ட்ரிக் ஒயரும் வீட்டிலேயே இருக்கும்.

அட்டையில் 9 செ.மீ. நீளம், 1 செ.மீ. அகலத்தில் பன்னிரண்டு பட்டைகள், ஒரு பட்டை ஒரு கார இணை. ஒவ்வொன்றிலும் நீளவாட்டு விளிம்பின் நடுவில் ஒரு 'காது' விட்டு வெட்ட வேண்டும். கம்பி நுழையும் துளை அந்தக் காதில்தான் வரும், பட்டையின் நடுக்கோட்டிலிருந்து 2.2 செ.மீ. தள்ளி. பட்டையின் நட்டநடுவில் துளை போட்டுவிட்டால் இழைகளுக்கு நடுவே சுற்றி ஓடும் இரண்டு பள்ளமும் ஒரே அகலமாகிவிடும். தள்ளிப் போட்டால் காது இருக்கிற பக்கம் பெரிய பள்ளம், மறுபக்கம் சிறிய பள்ளம் என்று தானாக அமையும். புரதங்கள் பெரும்பாலும் பெரிய பள்ளத்தின் வழியாகத்தான் காரங்களை அடையாளம் காண்கின்றன, அதனால் இதில் சோம்பல் வேண்டாம்.

இனி கலர். அடினைனும் (ஏ) குவானைனும் (ஜி) இரட்டை வளையமுள்ள பியூரின்கள், அவற்றுக்கு 5 செ.மீ. கலர் பேப்பர். தைமினும் (டி) சைட்டோசினும் (சி) ஒற்றை வளையப் பிரிமிடின்கள், 4 செ.மீ. இரண்டும் சேர்ந்து 9. இரண்டு பியூரின் என்றால் 10, இரண்டு பிரிமிடின் என்றால் 8. விட்டம் சீராக நிற்காது. டிஎன்ஏவின் கட்டமைப்பைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சனும் 1953இல் அட்டையில் காரங்களை வெட்டித்தான் பொருத்திப் பார்த்தார். முதலில் ஏவுக்கு ஏ, டிக்கு டி என்று ஒரே காரத்தையே இணை சேர்த்துப் பார்த்தவர் அவர். பாடப்புத்தகத்திலிருந்து எடுத்த வடிவமே தவறு என்று வேதியியலர் ஜெர்ரி டோனஹ்யூ சொன்ன பிறகுதான் சரியான ஜோடி கிடைத்தது.

இங்கே ஒரு பையன் கேட்பான்: "டீச்சர், ஏயும் சியும் சேர்ந்தாலும் 9 தானே வருது?" நல்ல கேள்வி. பதிலை அட்டையிலேயே எழுதிவிடலாம். இரண்டு காரம் சந்திக்கும் கோட்டில், காது இருக்கும் பக்கத்திலிருந்து வரிசையாக, ஹைட்ரஜனைக் கொடுக்கும் இடத்துக்கு 'கொ', வாங்கும் இடத்துக்கு 'வா'. ஏ: கொ, வா. டி: வா, கொ. ஜி: வா, கொ, கொ. சி: கொ, வா, வா. ஏயும் டியும் எதிரெதிரே வந்தால் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு, ஜியும் சியும் வந்தால் மூன்று. ஏக்கு எதிரே சி வந்தால் கொடுப்பவருக்கு எதிரே கொடுப்பவர், வாங்குபவருக்கு எதிரே வாங்குபவர். கதை நடக்காது.

வரிசையை இஷ்டத்துக்கு எழுத வேண்டாம். சி-ஜி-சி-ஜி-ஏ-ஏ-டி-டி-சி-ஜி-சி-ஜி என்று எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க விஞ்ஞானி ரிச்சர்ட் டிக்கர்சனின் குழு படிகமாக்கி 1980இல் கட்டமைப்பை வெளியிட்ட துண்டு இது. காதை உங்களுக்கு எதிர்ப்புறமாகப் பிடித்துக்கொண்டு, கீழிருந்து மேலாக இடது முனையில் இந்த வரிசையை எழுதுங்கள். வலது முனையில் அதனதன் ஜோடி. இடது இழைக்குக் கீழே 5 பிரைம், மேலே 3 பிரைம் (சர்க்கரையின் கார்பன் எண்ணை வைத்து இழையின் இரு முனைக்கும் இட்ட பெயர்). வலதுக்கு நேர் தலைகீழ். வலது இழையை மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள், அதே சொல் வரும்.

கம்பியை மரக்கட்டையில் நட்டு, ஓர் அட்டை, 1.5 செ.மீ. டியூப், ஓர் அட்டை என்று கோர்த்துக்கொண்டே போங்கள். டியூப்போடு அட்டைத் தடிமனும் சேர்ந்தால் 1.7. மேலிருந்து பார்க்கும்போது ஒவ்வோர் அட்டையும் கீழே உள்ளதைவிட 36 டிகிரி இடஞ்சுழியாகத் திரும்ப வேண்டும். முடித்ததும் முன்பக்கம் தெரியும் இழை கீழ் இடதிலிருந்து மேல் வலதுக்கு ஏறுகிறதா பாருங்கள், சாதாரண ஸ்க்ரூவின் புரி அப்படித்தான் ஏறும். எதிராக ஏறினால் கழற்றித்தான் ஆக வேண்டும்.

பிறகு இழைக்கு ஒயர் இரண்டு, ஒவ்வொன்றும் 45 செ.மீ. அட்டை முனைகளில் ஒட்டிக்கொண்டே போகும்போது, இரண்டு அட்டைக்கு நடுவே ஒரு பாசிமணி: அது பாஸ்பேட். அட்டை முனை சர்க்கரை. திசை காட்டும் அம்புக்குறியை மறக்காதீர்கள். மொத்த ஹைட்ரஜன் பிணைப்பு எத்தனை என்று நடுவர் கேட்டால் 32. எட்டு ஜி-சி இணைக்கு 24, நான்கு ஏ-டிக்கு 8.

ஆர்என்ஏவுக்கு இதே அளவு ஒத்துவராது. ஆர்என்ஏவின் சர்க்கரையான ரைபோஸில் 2 பிரைம் இடத்தில் இருக்கும் கூடுதல் ஆக்சிஜனால் இரட்டை ஆர்என்ஏ குட்டையாக, தடித்து, சுற்றுக்குப் பதினொரு இணையாகத் திருகும். அதற்குக் காகித நாடா ஒன்று போதும். ஜி-ஜி-ஏ-சி-யு-யு-சி-ஜி-ஜி-யு-சி-சி (யு என்பது யுராசில், டியின் இடத்தில் வருவது) என்று எழுதி நடுவில் மடியுங்கள். இரு ஓரத்திலும் நான்கு நான்கு எழுத்து ஜோடி சேரும், நடு நான்கு வளைவாக நிற்கும். ஒற்றை இழை தன்னோடு தானே இணைவது இப்படித்தான்.

ஆர்என்ஏவில் ஜியும் யுவும்கூட ஜோடி சேரும். யுராசிலில் 'வா, கொ'வுக்கு அடுத்து சும்மா கிடக்கும் இன்னொரு 'வா' உண்டு. யு அட்டையை காதுப் பக்கம் ஓர் இடம் நகர்த்துங்கள்: அதன் 'கொ' ஜியின் முதல் 'வா'வுக்கும், மூன்றாவது 'வா' ஜியின் 'கொ'வுக்கும் எதிரே வந்து உட்காரும்.