பூனை ராத்திரி முழுக்கக் கத்துகிறதா? ஹீட்டைக் கண்டுபிடித்துச் சமாளிக்கும் முறை

எங்கள் பூனை மணிக்கு அப்போது ஏழு மாத வயது. செங்கோட்டையில் சாரல் தொடங்கிய வாரம். நள்ளிரவில் தரையில் உருண்டு, பின்பக்கத்தைத் தூக்கியபடி நகர்ந்து, குழந்தை அழுவதுபோலக் கத்த ஆரம்பித்தாள். இடுப்பில் அடிபட்டுவிட்டது என்று நினைத்து, மழையோடு ஆட்டோ பிடித்துத் தென்காசிக்கு ஓடினோம். மருத்துவர் ஒரே நிமிடத்தில் ஹீட், அதாவது இணை சேரும் பருவம் என்று சொல்லிவிட்டார்.

மாடு வளர்த்த வீடு என்பதால் பருவத்துக்கு வருவது எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அந்த அனுபவம்தான் என்னைத் தவறவைத்தது. மாட்டுக்குக் கண்ணாடி போன்ற வழும்பு ஒழுகும், ஒரு நாளில் பருவம் முடிந்துவிடும், மறுபடி 21 நாள். பூனைக்கு எதுவும் ஒழுகாது, ரத்தமும் வராது. அப்படி வந்தால் அது ஹீட் இல்லை, கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

முதல் வேலை, வலியா ஹீட்டா என்று பிரித்துப் பார்ப்பது. இதை நிதானமாகச் செய்யுங்கள். முதுகைத் தடவிக்கொண்டே போய் வாலின் அடிப்பகுதியில் விரலால் லேசாக அழுத்துங்கள். ஹீட் என்றால் முன்கால்களைத் தாழ்த்தி, பின்பக்கத்தை உயர்த்தி, வாலை ஒருபக்கம் ஒதுக்கி, பின்னங்கால்களை மாற்றி மாற்றி மிதிக்கும். நாற்காலிக் காலிலும் உங்கள் காலிலும் ஓயாமல் உரசும். சாப்பாடு கொஞ்சம் குறையும், ஆனால் கூப்பிட்டால் ஓடிவரும். வலி இருக்கும் பூனை பெரும்பாலும் கட்டிலடியில் ஒடுங்கிவிடும், தொட்டால் சீறும். அடிக்கடி உட்கார்ந்து முக்கி, சிறுநீர் சொட்டுச் சொட்டாக வந்தாலும் அது ஹீட் இல்லை. சந்தேகமாக இருந்தால் காட்டிவிடுங்கள். நீங்களாக வலி மாத்திரை கொடுக்கவே வேண்டாம். மனிதர்கள் போடும் பாராசிட்டமால் ஒன்றே பூனையின் உயிரை எடுத்துவிடும்.

அடுத்து, தினசரி காலண்டரில் தேதியைக் குறியுங்கள். ஹீட் சுமார் ஒரு வாரம் இருக்கும். இணை சேராவிட்டால் அடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி வரும். பகல் நீளமாக இருக்கும் காலத்தில்தான் பூனைக்குப் பருவம். இங்கிலாந்து மாதிரி நாடுகளில் குளிர்காலப் பகல் குறுகுவதால் பெரும்பாலும் அடங்கியிருக்கும். நாமோ நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்பது டிகிரி வடக்கே இருக்கிறோம். பகல் அளவு பெரிதாக மாறாததால், வருடம் முழுக்க எதிர்பார்க்கலாம்.

அப்புறம், வீட்டை அடைப்பது. ஜன்னலில் ஒட்டும் கொசுவலையை நம்பாதீர்கள், மணி ஒரே இரவில் கிழித்தாள். ஆணி அடித்துப் பொருத்தும் இரும்பு வலைதான் என் தேர்வு. ஓட்டு வீடு என்றால் கூரையையும் பாருங்கள். கடுவன் (ஆண் பூனை) ஓட்டைத் தள்ளிக்கொண்டே உள்ளே இறங்கிவிடும். கேரளத்து ஆரியங்காவிலிருந்து வந்து தங்கியிருந்த சேச்சிதான் மச்சில் நின்றுகொண்டு, “கண்டன் பூச்ச வந்நு!” (கடுவன் வந்துவிட்டது) என்று முதலில் சத்தம் போட்டார். கதவை ஒரு நிமிடம் திறந்தாலும் போதும். பூனைக்குக் கருமுட்டை வெளிவருவதே இணை சேர்ந்த பிறகுதான், ஆகவே “நாள் தாண்டிவிட்டது, பயமில்லை” என்ற கணக்கு இங்கே செல்லாது. சுமார் 63 முதல் 65 நாளில் குட்டிகள் வந்துவிடும். ஒரே ஈற்றில் வெவ்வேறு தகப்பன் குட்டிகளும் பிறக்கும்.

சுவரில் சிறுநீர் பீய்ச்சினால் ஃபினாயில் ஊற்றாதீர்கள், அது பூனைக்கு விஷம். வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்தால் போதும். மலத்தொட்டிக்கு அறுவை மில்லில் கிடைக்கும் மரத்தூள் போடுகிறேன், தினமும் மாற்றுகிறேன். இரவில் சத்தத்தைக் குறைக்க, படுக்கும் முன் அரைமணி நேரம் கயிற்றை இழுத்து விளையாட வையுங்கள். கத்துவதற்காக அடிக்கவே வேண்டாம், அது அவள் கையில் இல்லை.

ஒரு மருந்துக்கடையில் ஹீட்டை நிறுத்தும் மாத்திரை இருக்கிறது என்றார்கள். நான் வாங்கவில்லை. அத்தகைய ஹார்மோன் மருந்துகளால் கர்ப்பப்பைச் சீழும் மார்புக் கட்டியும் வரும் ஆபத்து உண்டு. நிரந்தர வழி கருத்தடை ஆபரேஷன்தான். ஐந்தாவது மாதத்திலேயே, முதல் ஹீட் வரும் முன் செய்துவிடுவது நல்லது. மார்புக் கட்டி வரும் வாய்ப்பும் வெகுவாகக் குறையும். ஹீட்டில் இருக்கும்போது ரத்த ஓட்டம் அதிகம், ஆகவே எங்கள் மருத்துவர் அடங்கட்டும் என்றார். அங்கேதான் காலண்டர் உதவியது. அடங்கிய எட்டாம் நாள் மணிக்கு ஆபரேஷன் முடிந்தது. தையலை நக்காமல் இருக்கக் கழுத்தைச் சுற்றி மாட்டும் குடை போன்ற பட்டையைவிடப் பழைய பனியன் கையை வெட்டி மாட்டியது அவளுக்கு வசதியாக இருந்தது. பத்து நாள் அலமாரி மேலே ஏறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு சேர்த்தது: குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் பூனைக்கு ஹீட் வராது என்று நம்பி வெளியே விட்டதாக இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். வரும். பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகிவிடும். குட்டிகள் பால் மறந்ததும் தாய்க்கு ஆபரேஷன் தேதி வாங்குங்கள், அதுவரை இரும்பு வலையைக் கழற்ற வேண்டாம்.