பாப்கான் அறிக்கை போகிறதா, இல்லையா? டெபியனில் தேடிப் பார்க்கும் வழி

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவும்போது நடுவே ஒரு கேள்வி வரும்: இந்தக் கணினியில் என்னென்ன பேக்கேஜ்கள் (மென்பொருள் தொகுப்புகள்) பயன்படுகின்றன என்ற விவரத்தை வாரம் ஒருமுறை அனுப்பட்டுமா? அங்கே முன்கூட்டியே குறித்திருக்கும் பதில் 'இல்லை'. நீங்களாக 'ஆம்' என்று மாற்றினால்தான் பாப்புலாரிட்டி-கான்டெஸ்ட் என்ற சின்ன நிரல் அனுப்பத் தொடங்கும். சுருக்கமாக பாப்கான். சோளப்பொரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஏவரி பென்னாருன் முதலில் எழுதியது. டெபியன் வட்டுகளில் எந்தப் பேக்கேஜ் முதல் வட்டில் இடம்பெற வேண்டும் என்பதை முடிவு செய்ய இந்தக் கணக்கு உதவுகிறது.

சிக்கல் என்னவென்றால், அறிக்கை போனாலும் சத்தமில்லை, போகாவிட்டாலும் சத்தமில்லை. நான் 12 கணினிகள் இருந்த ஓர் ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றிலும் 'ஆம்' கொடுத்திருந்தேன். 12 அறிக்கை போகிறது என்று பல மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். அது எப்படிப் பொய்த்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். கோப்புப் பெயர்கள் எல்லாம் சிறிய எழுத்து, அமைப்பு மாறிகள் எல்லாம் பெரிய எழுத்து.

படி 1: அனுப்பச் சொல்லியிருக்கிறீர்களா?

/ஈடிசி/பாப்புலாரிட்டி-கான்டெஸ்ட்.கான்ஃப் கோப்பைத் திறங்கள். அதில் பார்டிசிபேட் என்ற வரியில் "எஸ்" என்று இருக்க வேண்டும். 'நோ' என்றிருந்தால் தேடல் இங்கேயே முடிந்தது. சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் பாப்புலாரிட்டி-கான்டெஸ்ட் என்று கொடுத்து, கேள்விக்கு 'ஆம்' சொல்லுங்கள்.

கையால் திருத்துபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கோப்பை, கட்டளைகளை ஓட்டும் ஷெல் அப்படியே படிக்கிறது. சமக்குறிக்கு முன்னும் பின்னும் இடைவெளி விட்டால், பார்டிசிபேட் என்பதை ஒரு கட்டளை என்று நினைத்து ஷெல் ஓடவைக்கப் பார்க்கும். பார்வைக்கு வரி அழகாக இருக்கும், வேலை நடக்காது.

என்கிரிப்ட் என்ற வரியையும் ஒரு பார்வை பாருங்கள். அது 'எஸ்' என்றிருந்து, கணினியில் ஜிபிஜி (அறிக்கையைக் குறியாக்கிப் பூட்டும் நிரல்) இல்லாவிட்டால் அறிக்கை போகாது. 'மேபி' என்றிருந்தால், ஜிபிஜி இருந்தால் பூட்டி அனுப்பும், இல்லாவிட்டால் திறந்தபடியே அனுப்பும்.

படி 2: அனுப்பும் நேரத்தில் கணினி விழித்திருந்ததா?

அதே கோப்பில் டே என்று ஒரு வரி உண்டு. 0 என்றால் ஞாயிறு, 6 என்றால் சனி. நிறுவும்போது ஏதோ ஒரு நாளை அதுவே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான், தினமும் இந்த நிரலின் ஸ்கிரிப்டை எழுப்பும். அந்த நாள் இல்லையென்றால் ஸ்கிரிப்ட் பேசாமல் வெளியேறும். அந்த நாளைத் தவறவிட்டிருந்தால், கடைசி அறிக்கை எடுத்து வாரத்துக்கு மேல் ஆகிவிட்டதா என்று பார்த்து வேறொரு நாளில் அனுப்பவும் செய்யும். எப்படியானாலும் கிரான் எழுப்பினால்தான் உண்டு.

டெபியனில் தினசரி கிரான் வேலைகள் வழக்கமாகக் காலை 6:25க்கு ஓடும். மடிக்கணினி அந்த நேரத்தில் பைக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். பாப்கான் தனக்கென்று இன்னொரு நேரத்தையும் /ஈடிசி/கிரான்.டி ஃபோல்டரில் குறித்து வைக்கிறது. அது நள்ளிரவு 2:40 ஆக இருந்தால் அதனாலும் பயனில்லை. அனாக்ரான் பேக்கேஜை நிறுவுங்கள், தவறிப்போன தினசரி வேலையை கணினி எழுந்ததும் அது செய்துவிடும். 'எப்போதாவதுதான் போகிறது' என்ற புகாரில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

படி 3: இரண்டு தேதிகளை ஒப்பிடுங்கள்

எடுத்த அறிக்கை /வார்/லாக்/பாப்புலாரிட்டி-கான்டெஸ்ட் என்ற கோப்பில் இருக்கும். கடைசியாக அனுப்பியதற்கான அடையாளம் /வார்/லிப்/பாப்புலாரிட்டி-கான்டெஸ்ட் ஃபோல்டருக்குள் லாஸ்ட்சப் என்ற கோப்பு. எல்எஸ் ஹைஃபன் எல் கொடுத்து இரண்டின் தேதியையும் பாருங்கள்.

இரண்டும் பழையது என்றால் ஸ்கிரிப்டே ஓடவில்லை; முதல் இரண்டு படிகளுக்குத் திரும்புங்கள். அறிக்கை புதியது, லாஸ்ட்சப் மட்டும் பழையது என்றால் கடிதம் எழுதியாயிற்று, தபாலில் சேரவில்லை. சூடோ ஜர்னல்சிடிஎல் ஹைஃபன் டி பாப்புலாரிட்டி-கான்டெஸ்ட் என்று கொடுத்தால், 'அனேபிள் டு சப்மிட் ரிப்போர்ட்' என்ற வரி கண்ணில் படும். டெபியன் 12 முதல், சிஸ்லாக் கோப்பை எழுதும் ஆர்சிஸ்லாக் நிரல் தானாக வருவதில்லை. அதனால் பழைய குறிப்புகள் சொல்கிறபடி சிஸ்லாக் கோப்பைத் தேடி, அது இல்லையே என்று பதற வேண்டாம்.

படி 4: கையால் அனுப்பிப் பாருங்கள்

/யூஎஸ்ஆர்/ஷேர்/பாப்புலாரிட்டி-கான்டெஸ்ட் ஃபோல்டரில் பாப்கான்-அப்லோட் என்று ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. அதற்கு ஹைஃபன் டி கொடுத்தால் நடப்பதை எல்லாம் சொல்லும். ஹைஃபன் யூ-வுக்குப் பின் முகவரி, ஹைஃபன் எஃப்-க்குப் பின் அறிக்கைக் கோப்பு. முகவரி அதே ஃபோல்டரில் டிஃபால்ட்.கான்ஃப் கோப்பில் இருக்கும். இப்படி அனுப்பினால் அறிக்கை பூட்டாமல் போகும், அது உங்களுக்குச் சம்மதமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். பதிலில் 'எச்டிடிபி-போஸ்ட் ஓகே' என்று வந்தால் வழி திறந்திருக்கிறது.

வராவிட்டால்? முகவரி எச்டிடிபிஎஸ் இல்லை, வெறும் எச்டிடிபி. 443ஆம் போர்ட்டை மட்டும் திறந்து வைத்திருக்கும் அலுவலக ஃபயர்வால் 80ஐ மறித்திருக்கலாம். ப்ராக்ஸி என்ற இடைநிலை சர்வர் வழியாக மட்டுமே வெளியே போக முடியும் என்றால் இன்னொரு வலை இருக்கிறது: உங்கள் டெர்மினலில் ப்ராக்ஸி அமைத்திருப்பீர்கள், கையால் அனுப்பினால் போகும், கிரான் அனுப்பினால் போகாது. உங்கள் பாஷ் அமைப்புகளை கிரான் படிப்பதில்லை. படி 1இல் திறந்த கோப்பிலேயே எச்டிடிபி_ப்ராக்ஸி என்ற வரியில் முகவரியைப் போடுங்கள்.

படி 5: போன அறிக்கை உண்மையா?

இதுவரை வந்தவர்கள் பலர் இங்கே நிறுத்திவிடுவார்கள். எனக்கு இந்தப் படிதான் முக்கியம். போகாத அறிக்கையால் கணக்கில் ஒன்று குறையும், அவ்வளவுதான். பொய் அறிக்கை கணக்கையே கெடுக்கும்.

சூடோ பாப்புலாரிட்டி-கான்டெஸ்ட் என்று தட்டினால் அறிக்கை திரையில் ஓடும், எங்கும் போகாது. ஒரு வரி இப்படி இருக்கும்:

1709424000 1709424000 ஜிம்ப் /யூஎஸ்ஆர்/பின்/ஜிம்ப்-2.10 <ஓல்ட்>

முதல் எண் அந்தக் கோப்பு கடைசியாகப் படிக்கப்பட்ட நேரம், இரண்டாவது கோப்பு கடைசியாக மாறிய நேரம். இரண்டும் 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய வினாடிகள். நீங்கள் எத்தனை மணிக்கு எதைத் திறந்தீர்கள் என்பது தெரியாமலிருக்க 12 மணி நேரத்துக்கு வெட்டிக் கொடுக்கிறது. மேலே உள்ளது 2024 மார்ச் 3. 30 நாளுக்கு மேல் திறக்கப்படாவிட்டால் <ஓல்ட்> முத்திரை விழும்.

இப்போது, இன்று காலை, படம் திருத்தும் நிரலான ஜிம்ப் திறந்து படம் வெட்டியிருக்கிறீர்கள், ஆனாலும் இரண்டு எண்ணும் ஒன்றாகவே நிற்கின்றன என்றால்? வட்டுகளை எப்படி இணைப்பது என்று சொல்லும் /ஈடிசி/எஃப்எஸ்டேப் கோப்பில் நோஏடைம் இருக்கிறதா பாருங்கள். எஸ்எஸ்டி தேயாமலிருக்க என்று யாரோ சொல்லி, நாமும் ஒருநாள் சேர்த்திருப்போம். அதைப் போட்டால் கோப்பைப் படித்த நேரத்தை லினக்ஸ் எழுதவே எழுதாது. பாப்கானுக்கு நீங்கள் எதையுமே தொடாத மனிதர்.

நோஏடைமை எடுத்துவிட்டு ரிலேடைம் போடுங்கள். 2009இல் வந்த கெர்னல் 2.6.30 முதல் அதுதான் இயல்பு. குறித்த நேரம் 24 மணி நேரம் பழசாகிவிட்டிருந்தாலோ, கோப்பு கடைசியாக மாறிய நேரத்துக்குப் பிந்தியதாக இல்லாவிட்டாலோ மட்டும் புதுப்பிக்கும், வட்டுக்குச் சுமை மிகக் குறைவு. 30 நாள் கணக்குக்கு அது தாராளம். இதைச் சரிசெய்யும் வரை பாப்கான்-லார்ஜஸ்ட்-அன்யூஸ்ட் என்ற கட்டளையை நம்பி எதையும் அழிக்காதீர்கள். இடத்தை அடைக்கும், பயன்படாத பேக்கேஜ்களைக் காட்டுவது அதன் வேலை. அதுவும் இதே நேரத்தை நம்பித்தான் பேசுகிறது, தினமும் பார்க்கும் பிரவுசரைக் கூட நீட்டிவிடும்.

தலைகீழாகவும் நடக்கும். யூஎஸ்ஆர் முழுவதையும் வாரந்தோறும் படிக்கும் பேக்கப்போ வைரஸ் ஸ்கேனோ இருந்தால், நீங்கள் தொடாததெல்லாம் தொட்டதாகக் கணக்கேறும்.

படி 6: நகலெடுத்த கணினிகள்

என் கதை இதுதான். ஒரு கணினியில் டெபியனை ஒழுங்காக நிறுவி, அந்த வட்டை அப்படியே மற்ற 11க்கும் நகலெடுத்தேன். வேலை மிச்சம் என்று சந்தோஷம். வேறு எதற்கோ ஒருநாள் இரண்டு கணினிகளின் அமைப்புக் கோப்புகளை அருகருகே திறந்தேன். மை_ஹோஸ்ட்ஐடி என்ற வரியில் 32 எழுத்து-எண், இரண்டிலும் ஒரே மாதிரி. சர்வர் கணினிகளைப் பிரித்தறிவது அந்த அடையாளத்தை வைத்துத்தான். 12 கணினியும் ஒரே பெயரில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதிக்கொண்டிருந்தன.

ஒவ்வொரு கணினியிலும் யூயூஐடிஜென் ஹைஃபன் ஆர் கொடுத்து, வருவதில் ஹைஃபன்களை நீக்கி, அந்த வரியில் போடுங்கள். டே எண்ணும் கிரான்.டி கோப்பில் உள்ள நேரமும் நகலோடு வந்திருக்கும், கையோடு அவற்றையும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் ஒரே நிமிடத்தில் சர்வர் கதவைத் தட்டும். நான் நாளை மட்டும் மாற்றினேன், நேரத்தை மறந்தேன். மறுவாரம் லாஸ்ட்சப் தேதிகளைப் பார்த்தபோது ஏழு நாட்களிலும் பரவியிருந்தன, மணி மட்டும் 12இலும் ஒன்று.