‘ராக் ஆஃப் ஏஜஸ்’: கூடிப் பாடியபடியே பார்க்க ஒரு வழிகாட்டி

2012இல் வந்த ஹாலிவுட் இசைப்படமான ‘ராக் ஆஃப் ஏஜஸ்’ஸில் எல்லாமே ஒரு சுற்று ஓவர்: முடி, தோல் உடுப்பு, காதல், டாம் க்ரூஸ் நடித்த ராக் நட்சத்திரம் ஸ்டேசி ஜாக்ஸ், அவர் கூடவே அலையும் குரங்கு. அந்த அலட்டல்தான் அதன் அழகு. கதை 1987இல், ராக் கிளப்புகள் நிறைந்த லாஸ் ஏஞ்சலஸின் சன்செட் ஸ்ட்ரிப் வீதியில் நடக்கிறது. க்ரூஸ் உட்பட நடிகர்கள் சொந்தக் குரலில், முழு மனதோடு பாடியிருக்கிறார்கள். பார்க்கிறவர்களும் அப்படியே வாய்விட்டுப் பாடினால்தான் படம் தன் முழுச் சுவையைத் தரும். அதற்குப் பாட்டு வரி சரியான நேரத்தில் திரையில் தெரிய வேண்டும். பாதி வேலை அதுதான்.

முதலில் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். திரையரங்கில் ஓடியது 123 நிமிடம், நீட்டித்த பதிப்பு 136 நிமிடம். ஒன்றுக்குச் செய்த சப்டைட்டில் மற்றதற்கு ஒட்டாது.

அடுத்து வரிகள். இணையத்தில் கிடைக்கும் மூலப் பாடலின் வரிகளை அப்படியே ஒட்டாதீர்கள். படத்தில் பல பாட்டுகள் சுருக்கப்பட்டவை, சில ஒன்றோடொன்று கோக்கப்பட்டவை. மூலத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர் இரண்டாம் சரணத்துக்குப் போகும்போது படம் வேறு பாட்டுக்குத் தாவியிருக்கும். ஆகவே படத்தை ஓடவிட்டு, காதில் விழுவதை மட்டும் எழுதுங்கள். ‘சப்டைட்டில் எடிட்’ என்ற இலவச மென்பொருள் போதும். கோப்பை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் சேமியுங்கள்.

வசனத்துக்கான சப்டைட்டில் பேச்சோடு சேர்ந்து வரலாம், பாட்டு வரி அப்படி வரக் கூடாது. படித்து, மூச்செடுத்து, பிறகுதான் பாட முடியும். ஒவ்வொரு வரியும் பாடும் நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரை நொடி முன்பே தோன்றட்டும். ஒரே நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், வரிக்கு 40 எழுத்துக்குள் நிறுத்துங்கள். மேடை விளக்குகள் மின்னும் காட்சிகள் நிறைய என்பதால் வெள்ளை எழுத்துக்குக் கறுப்பு விளிம்பு கட்டாயம். எல்லோரும் எழுந்து ஆடத் தொடங்கினால் திரையின் அடிப்பகுதி தலைகளில் மறைந்துவிடும். வரிகளை மேலே ஏற்றி வையுங்கள்.

சப்டைட்டில் பிசகினால், அது எப்படிப் பிசகுகிறது என்பதிலேயே காரணம் தெரிந்துவிடும். படம் முழுக்க ஒரே அளவு தள்ளியிருந்தால் வெறும் நேரத் தள்ளல்தான்: விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் ஜி, ஹெச் விசைகளைத் தட்டினால் தட்டுக்கு 50 மில்லிநொடி நகரும். போகப்போகப் பிசகு கூடிக்கொண்டே போனால் ஃபிரேம் வேகம், அதாவது நொடிக்கு ஓடும் படச் சட்டங்களின் எண்ணிக்கை, வேறு: 23.976க்கும் 25க்கும் உள்ள வித்தியாசம் நிமிடத்துக்குச் சுமார் இரண்டரை நொடி. இதை விசையால் சரிசெய்ய முடியாது, மென்பொருளில் ஃபிரேம் வேகத்தை மாற்ற வேண்டும். ஓரிடம் வரை ஒழுங்காக ஓடித் திடீரென்று குதித்தால், பதிப்பு மாறியிருக்கிறது.

படத்தின் உச்சம், கதை சுற்றும் ராக் கிளப்பான போர்பன் ரூம் வாசலில் இரு கூட்டம் எதிரெதிரே நின்று பாடும் காட்சி. ஒரு பக்கம் 1985இன் ‘வீ பில்ட் திஸ் சிட்டி’, மறுபக்கம் 1984இன் ‘வீ ஆர் நாட் கான்னா டேக் இட்’. அறையை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்தின் வரிக்கும் ஒரு நிறம் கொடுங்கள். யார் எந்தப் பக்கம் என்பதைப் படம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், நடுவில் சொன்னால் ஒருவர் காதிலும் விழாது.

ஒலிக்கு ப்ளூடூத் வேண்டாம். அதில் ஒலி கொஞ்சம் தாமதமாக வரும், உதடும் குரலும் பொருந்தாது. வயர் போட்டு இணையுங்கள். ஆறு ஸ்பீக்கருக்கான 5.1 ஒலித்தடத்தை இரண்டு ஸ்பீக்கரில் விடும்போது பாடகர் குரல் மட்டும் அமுங்கினால், குரலைத் தாங்கும் நடுச் சானல் சரியாகக் கலக்கவில்லை என்று பொருள். ஸ்டீரியோ தடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒலியளவு 85 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும், ஒலியை அளக்கும் கைப்பேசிச் செயலியே அதைத் தோராயமாகக் காட்டும். மைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் ஒருவர் பாட மற்றவர்கள் கேட்பார்கள், ஸ்பீக்கருக்கு எதிரே போனால் கீச்சிடவும் செய்யும்.

இந்தப் பாட்டுகளில் பல உச்சக் குரல் ஆண்கள் பாடியவை. எட்டாதவர்கள் கத்தி எட்டப் பார்த்தால் அரை மணியில் தொண்டை கட்டும். ஒரு ஸ்தாயி கீழே இறங்கிப் பாடுவதில் குறையே இல்லை, கூட்டத்தில் அது கனம்தான் சேர்க்கும். தொடங்கும் முன் ஐந்து நிமிடம் மெல்ல முனகிக் குரலைச் சூடாக்குங்கள். குளிரில்லாத தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

லைட்டர் வேண்டாம், கைப்பேசி டார்ச் போதும். காகிதத் தூள் வீசுவதாக இருந்தால் புரொஜெக்டருக்கு எட்டாமல் வீசுங்கள், மின்விசிறிக்குள் போனால் சூடேறி அணைந்துவிடும். இடைவேளையை ஒரு மணி நேரம் கழித்து, ஒரு பாட்டு முடிந்த கையோடு விடுங்கள். பாட்டு தொடங்கப்போகிற நேரத்தில் நிறுத்தினால் ஏறிய சூடு இறங்கிவிடும்.

கடைசியில் வருவது ‘டோன்ட் ஸ்டாப் பிலீவின்’. ஜர்னி குழு 1981இல் வெளியிட்ட பாட்டை, 1987இல் கதாநாயகன் எழுதியதாகவே காட்டுகிறது படம். அந்தத் துணிச்சலுக்காகவே அதை இன்னும் பிடிக்கும். அதற்கு மட்டும் வரி போடாதீர்கள், விளக்கையும் உடனே போடாதீர்கள்.