டீசல் விலை ஏறும்போது சாகுபடிக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டீசல் விலை ஏறியதும் விவசாயி சொல்லும் முதல் வார்த்தை "இனிக் கட்டுப்படியாகாது" என்பதுதான். பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஆனால் எந்த வேலையில், எவ்வளவு கட்டுப்படியாகவில்லை என்று கேட்டால் பதில் வராது. இன்றைய விலை எல்லோருக்கும் தெரிகிறது. உழவுக்கு எத்தனை லிட்டர் போனது, ஒரு தண்ணீர் பாய்ச்ச எத்தனை லிட்டர் போனது என்பதை மட்டும் யாரும் எழுதி வைப்பதில்லை. விலை நம் கையில் இல்லை; லிட்டர் ஓரளவுக்கு நம் கையில் இருக்கிறது.

லிட்டரை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, வேலைக்கு முன் டேங்கை விளிம்புவரை நிரப்புங்கள். வேலை முடிந்ததும் அதே இடத்தில் நிறுத்தி மறுபடியும் விளிம்புவரை ஊற்றுங்கள். இரண்டாவது முறை ஊற்றியதுதான் செலவான அளவு. அதை முடித்த பரப்பால் வகுத்தால் ஏக்கருக்கு எத்தனை லிட்டர் என்பது தெரிந்துவிடும்.

சதவீதக் குழப்பம்

டீசல் 20 சதவீதம் ஏறினால் சாகுபடிச் செலவும் 20 சதவீதம் ஏறிவிட்டது என்று பேசுவது முதல் தவறு. மொத்தச் செலவு 100, அதில் நேரடியாக டீசலுக்குப் போவது 15 என்று வைத்துக்கொள்வோம். 15இல் 20 சதவீதம் 3. ஆக, செலவு 103 ஆகிறது, 120 அல்ல.

அந்த 3 என்ற எண்ணோடு நின்றுவிடுவது அதைவிடப் பெரிய தவறு. வாடகை உழவு, அறுவடை இயந்திரம், உரமும் விதையும் ஏற்றிவரும் வண்டி என எல்லாவற்றின் கட்டணத்துக்குள்ளும் டீசல் ஒளிந்திருக்கிறது. இவற்றுக்கு நாம் கொடுக்கும் 30இல் மூன்றில் ஒரு பங்கு டீசல் என்றால், இன்னொரு 2 சேர்கிறது. இது விலை ஏறிய அன்றே வராது. அடுத்த பருவத்தில், வாடகை பேசும்போது வரும்.

செலவு நோட்டில் ஏறாத ஒரு நட்டமும் உண்டு. விளைச்சலை வாங்கும் வியாபாரி லாரி வாடகையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் விலை சொல்கிறார். வாடகை கூடினால் அவர் கேட்கும் விலை குறையும். இடுபொருள் வாங்கும்போதும் ஏற்றுக்கூலி நம் தலையில், விற்கும்போதும் நம் தலையில். இரண்டாவது செலவாகத் தெரியாமல் வரவுக் குறைவாக வருவதால், சந்தை சரியில்லை என்று சொல்லிக்கொண்டு போய்விடுகிறோம்.

கச்சா எண்ணெய்ச் செய்தியைப் பார்த்து டீசல் விலையைக் கணிப்பதும் ஏமாற்றும். பெட்ரோல் பங்கில் கொடுக்கும் விலையில் கச்சா எண்ணெய் ஒரு பகுதிதான். சுத்திகரிப்பு, போக்குவரத்து, வரி ஆகியவையும் அதில் அடக்கம். 2022இல் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்த பிறகு, பல சந்தைகளில் டீசல் விலை கச்சா எண்ணெயைவிட வேகமாக ஏறியது. தட்டுப்பாடு எண்ணெயில் மட்டும் இல்லை, சுத்திகரித்த டீசலிலும் இருந்தது.

அதே ஆண்டில் உலகச் சந்தையில் உர விலையும் எகிறியதால், உரத்துக்கும் டீசல்தான் காரணம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் யூரியாவுக்கு வேண்டிய அம்மோனியா உலகில் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து தயாராகிறது. எரிவாயுவும் எண்ணெயும் பல சமயம் சேர்ந்து ஏறும், ஆனால் எப்போதும் அல்ல. உரச் செலவைத் தனி வரியில் எழுதாவிட்டால், டீசலை மிச்சப்படுத்திய பிறகும் செலவு ஏன் குறையவில்லை என்பது புரியாது.

விலை இறங்கும்போது வாடகையைத் திரும்பப் பேசாமல் விடுவதும் வழக்கமாகிவிட்டது. ஏறும்போது உடனே ஏறுவதும், இறங்கும்போது மெல்ல இறங்குவதும் எரிபொருள் சந்தையின் குணம். பிரிட்டனின் பெட்ரோல் விலையை வைத்து ராபர்ட் பேக்கன் என்ற பொருளியலாளர் 1991இலேயே இதை எழுதினார். உழவு வாடகை தானாக இறங்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை. "டீசல் இந்த விலையில் இருந்தால் இவ்வளவு" என்று பருவத் தொடக்கத்திலேயே பேசி வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் நியாயம்.

தவறான இடத்தில் சிக்கனம்

விலை ஏறியதும் பலர் முதலில் கை வைப்பது பாசனத்தில். பூக்கும் பருவத்திலோ மணி பிடிக்கும் பருவத்திலோ ஒரு தண்ணீரைத் தவிர்த்தால் நோட்டில் செலவு குறையும். ஏக்கருக்குச் செலவு 100, விளைச்சல் 20 மூட்டை என்றால் மூட்டைக்கு அடக்கவிலை 5. இரண்டு தண்ணீரைத் தவிர்த்து 4 மிச்சம் பிடித்து, விளைச்சல் 18 மூட்டையாகச் சரிந்தால் அடக்கவிலை 5.33. சிக்கனம் செய்ததால் பொருள் விலை கூடியது என்பது இதுதான். ஏக்கர் கணக்கு மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படாது.

உழவில் கதை வேறு. மண் மாவு போல இருந்தால்தான் மனம் ஆறும் என்பதற்காகக் கூடுதலாக ஓட்டும் கடைசி சால் பல வயல்களில் விளைச்சலுக்கு எதையும் சேர்ப்பதில்லை. ஆழமும் அப்படித்தான். ஒரு ஏக்கரில் 1 செ.மீ. ஆழம் கூடினால், கூடுதலாகப் புரட்ட வேண்டிய மண் ஏறக்குறைய 40 கன மீட்டர். எடையில் 50 டன்னுக்கும் மேல். போன ஆண்டு ஓட்டிய ஆழம் என்பதற்காகவே இந்த ஆண்டும் அதே ஆழம் ஓட்டுவதற்கு முன் இந்த எண்ணை நினைத்துப் பார்க்கலாம். அதற்காக எல்லோரும் உழாமல் விதைத்துவிடலாம் என்று சொல்ல வரவில்லை. களை மிகுந்த நிலத்தில் உழவைத் திடீரென்று நிறுத்தினால், மிச்சமான டீசல் காசு களைக்கொல்லிக்கும் களைக்கூலிக்கும் போய்விடும்.

டிராக்டர் இருக்கையில்

இலேசான வேலையைக் கீழ் கியரில் முழு ஆக்சிலரேட்டரில் செய்வது பழக்கதோஷம். இழுவை குறைவாக இருக்கும்போது ஒரு கியர் மேலே போட்டு, ஆக்சிலரேட்டரைக் குறைத்தால் அதே வேகம் கிடைக்கும், டீசல் குறையும். புகைக்குழாயில் கரும்புகை வந்தாலோ இன்ஜின் திணறினாலோ குறைத்தது அதிகம் என்று பொருள். மண்ணைச் சுழன்று கிளறும் ரோட்டவேட்டர் போல, பிடிஓ (டிராக்டரின் பின்னால் கருவியைச் சுழற்றும் தண்டு) நிலையான வேகத்தில் சுழல வேண்டிய வேலைகளுக்கு இது பொருந்தாது.

பின்சக்கரம் எவ்வளவு சறுக்குகிறது என்பதை இருக்கையிலிருந்து பார்த்தால் தெரியாது. இறங்கி, தடத்தைப் பாருங்கள். டயரின் பட்டைகள் அச்சு வார்த்தது போலத் தெளிவாகப் பதிந்திருந்தால் வண்டியில் தேவைக்கு மேல் எடை கட்டியிருக்கிறது. அந்த எடையைச் சுமக்கவே டீசல் போகிறது. தடம் முழுக்க அழிந்து மண் அரைபட்டிருந்தால், சக்கரம் சுற்றும் அளவுக்கு வண்டி நகரவில்லை. தடத்தின் நடுப்பகுதி சற்றுக் கலைந்து, ஓரங்கள் தெளிவாக இருப்பதே சரியான நிலை. எடைக் கட்டிகளையும் டயர் காற்றையும் இந்தத் தடத்தைப் பார்த்துச் சரிசெய்யலாம். சாலையில் ஓட அடித்த காற்றோடு அப்படியே வயலில் இறங்குவதைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

2 மீட்டர் அகலக் கருவியை ஒவ்வொரு சாலிலும் முந்தைய சாலின்மேல் 20 செ.மீ. ஏறும்படி ஓட்டினால், ஒன்பதில் ஒரு பங்கு நிலத்தை இரண்டு முறை உழுததாகும். பேசிக்கொண்டு நிற்கும் நேரத்தில் இன்ஜினை ஓடவிடுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர் இறைக்கும் இன்ஜின்

என் பார்வையில் டீசல் அதிகம் வீணாகும் இடம் இதுதான், ஆனால் யாரும் சந்தேகப்படாத இடமும் இதுதான். ஓடுகிறது, தண்ணீர் வருகிறது, அதற்கு மேல் என்ன என்று விட்டுவிடுகிறோம்.

ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் மின்சாரத்துக்கு நிகரான ஆற்றல் இருக்கிறது. இன்ஜினும் பம்பும் சேர்ந்து அதில் 15 சதவீதத்தைத் தண்ணீருக்குத் தந்தால், 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 55,000 லிட்டர் தண்ணீரை ஏற்றலாம். ஒரு ஏக்கரில் 5 செ.மீ. தண்ணீர் நிறுத்த ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் வேண்டும். அதற்கு 4 லிட்டருக்குச் சற்றுக் குறைவான டீசல் போதும். தேய்ந்த பம்பு, பொருந்தாத இன்ஜின், உறிஞ்சுகுழாயின் அடியில் அடைத்துக்கொண்ட ஃபுட் வால்வு என்று சேர்ந்து அந்த 15 சதவீதம் 8 ஆக இறங்கினால், அதே வேலைக்கு 7 லிட்டர் ஆகும். டீசல் விலை கிட்டத்தட்ட இரட்டிப்பானதற்குச் சமம் இது, அதுவும் பங்கில் ஒரு பைசா ஏறாமலேயே.

குழாயில் காசு மிச்சம் பிடிப்பது இந்த நட்டத்தை நிரந்தரமாக்கும். ஒரே அளவு தண்ணீருக்கு 4 அங்குலக் குழாயை 3 அங்குலமாக மாற்றினால், உராய்வால் இழக்கும் அழுத்தம் நான்கு மடங்குக்கு மேல் கூடுகிறது. குழாயின் ஒவ்வொரு வளைவும் இதில் தன் பங்கைச் சேர்க்கும். வாய்க்காலுக்கு மேலே ஒன்றரை மீட்டர் உயரத்தில் குழாயின் வாயைத் தூக்கி வைத்திருப்பார்கள். தண்ணீர் விழும் சத்தம் கேட்க இனிமையாகத்தான் இருக்கும். 10 மீட்டர் ஏற்றும் இடத்தில் அது 15 சதவீதக் கூடுதல் வேலை. வாயை வாய்க்கால் மட்டத்துக்கு இறக்கிவிட்டால் போதும்.

பதற்றத்தில் செய்பவை

விலை ஏறப்போகிறது என்று பேரல் பேரலாக வாங்கி வைப்பவர்கள் உண்டு. தண்ணீர் கோத்த டீசலில் நுண்ணுயிர் வளர்ந்து, ஃபில்டரை அடைத்துக்கொள்ளும். தீ விபத்துக்கும் இடம் கொடுத்ததாகும். மண்ணெண்ணெய் கலப்பது அதைவிட மோசம். இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் ஊசிப்பம்பின் பாகங்களுக்கு டீசல்தான் மசகு. கலப்படம் அந்த மசகுத்தன்மையைக் குறைத்துவிடும். சில லிட்டரில் பிடித்த காசை ஒரே பழுது விழுங்கிவிடும். ஏர் ஃபில்டர், நாசில், ஆயில் மாற்றம் ஆகியவற்றை அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போடுவதும் இதே ரகம்.

சூரிய மின் பம்புக்கு மாறுவது நல்ல யோசனைதான், ஆனால் வரிசை முக்கியம். கசியும் குழாயும் பொருந்தாத பம்பும் அப்படியே இருக்கும்போது சூரிய மின்பலகையின் அளவைக் கணக்கிட்டால், தேவைக்கு மேல் பெரிய அமைப்புக்குக் கடன் வாங்க நேரும். முதலில் குழாயைச் சரிசெய்து, உண்மையில் எத்தனை மீட்டர் உயரத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று அளந்த பிறகே விலைப்புள்ளி கேளுங்கள். எரிபொருள் செலவு இல்லை என்றதும் பகல் முழுக்க ஓடவிட்டுக் கிணற்று நீர்மட்டம் இறங்கினால், அடுத்த செலவு கிணற்றை ஆழப்படுத்துவதாக இருக்கும்.