ஆக்கிரமிப்பின் கீழ் பொதுமக்கள் உயிரிழப்பு: செய்தியை வாசிக்கும் முறை

அந்நியப் படை பிடித்து வைத்திருக்கும் ஊரில் பொதுமக்கள் இறந்ததாகச் செய்தி வந்தால், எண்ணிக்கையைப் பார்க்கும் முன் வினைச்சொல்லைப் பாருங்கள். 'துப்பாக்கிச் சூட்டில் 5 பேர் பலி' என்ற தலைப்பில் சுட்டவர் இல்லை. 'மோதலில் சிக்கி உயிரிழந்தனர்' என்றால், மோதல் நடந்தது என்பதே ஒரு தரப்பின் கூற்றாக இருக்கக்கூடும். சுட்டவர் யாரென்று உறுதியாகும் வரை அப்படி எழுதுவது நியாயம்தான். உறுதியான பின்னும் எழுவாய் வராவிட்டால் ஐயப்படலாம்.

அடுத்து, தகவல் யாரிடமிருந்து வந்தது என்று தேடுங்கள். ஈராக்கில் அமெரிக்கா தலைமையிலான ஆக்கிரமிப்பு 2004 ஜூன் 28 அன்று முறைப்படி முடிந்த பின்னும் அமெரிக்கப் படைகள் அங்கேயே இருந்தன. 2005 நவம்பர் 19 அன்று ஹதிதா நகரில் சாலையோரக் குண்டு வெடித்து அமெரிக்காவின் மரீன் (கடல்சார் காலாட்படை) வீரர் ஒருவர் இறந்தார். அதே வெடிப்பில் பொதுமக்கள் 15 பேரும், பின்னர் நடந்த சண்டையில் கிளர்ச்சியாளர்கள் 8 பேரும் இறந்ததாக மறுநாள் அமெரிக்க ராணுவம் அறிவித்தது. ஆனால் உள்ளூர் இதழியல் மாணவர் ஒருவர் எடுத்த வீடியோவில், குண்டுத் துளைகள் வீடுகளின் உட்சுவர்களில் இருந்தன, வெளிச்சுவர்களில் இல்லை. அதையும் உயிர் தப்பியவர்களின் சாட்சியத்தையும் வைத்து 2006 மார்ச்சில் 'டைம்' இதழ் எழுதிய பிறகே, பெண்களும் குழந்தைகளும் உட்பட 24 ஈராக்கியர்கள் மரீன் படையினரால் கொல்லப்பட்டது உலகுக்குத் தெரியவந்தது. படையின் வண்டியிலேயே செல்லும் செய்தியாளர் நேர்மையானவராக இருந்தாலும், அந்த வீட்டுக்குள் நுழைந்து பார்க்கும் வாய்ப்பு அவருக்கு அரிது.

மொத்த எண்ணிக்கை வரும்போது, எண்ணிய முறையைக் கேளுங்கள். 2003 மார்ச் முதல் 2006 ஜூன் வரை ஈராக்கில் வன்முறையால் இறந்தோர் சுமார் 1,51,000 என்றது உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு வீடு வீடாக நடந்த ஆய்வு. ஏறத்தாழ அதே காலத்துக்கு 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த மற்றோர் ஆய்வு சுமார் 6 லட்சம் என்றது. இரண்டுமே மாதிரி வீடுகளிலிருந்து கணித்த மதிப்பீடுகள். போரிட்டவர்களும் அவற்றில் அடக்கம். ஊடகச் செய்திகளை முதன்மையாகக் கொண்டு பொதுமக்களை மட்டும் எண்ணும் பட்டியலில் தொகை இவற்றைவிடக் குறைவாகவே இருக்கும், ஏனெனில் செய்தியாளர் எட்டாத ஊரின் சாவு பெரும்பாலும் அதில் ஏறாது.

செய்தியின் தேதியைக் குறித்துவைத்து, ஆண்டுகள் கழிந்தாலும் வழக்கைப் பின்தொடருங்கள். ஹதிதா வழக்கில் 8 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. 2012 ஜனவரியில் ஒருவர் கடமை தவறியதாக மட்டும் ஒப்புக்கொண்டார், சிறைக்கு எவரும் செல்லவில்லை.